வெண்கொம்பரின் பிள்ளை

நான்காம் மாதம் முடிகிற நேரத்தில் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குக் கர்ப்பப்பை வாயில் ஒரு தையல் போட்டார்கள். இனிப் பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு அதிகம் எழும்பக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை நாங்கள் ஐந்தாம் மாதத்தில் இழந்திருந்தோம். அதனால் ஏன் எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தோம்.

ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில் யன்னலோடு கட்டிலைப் போட்டேன். கால்மாட்டுக் கால்களின் கீழ் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினேன். மனைவி முன்பள்ளி ஆசிரியை. முப்பது சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து நடந்து பழகியவள். அவளால் படுத்திருக்க முடியவில்லை. தொலைக்காட்சி நாடகங்கள் ஒரு கிழமையில் அலுத்துவிட்டன. முல்லைத்தீவுக் கரையிலிருந்து சமையலுக்கு உதவ வந்திருந்த அவளுடைய தாயார், என் மாமி, செபமாலையை நீட்டிப் பார்த்தா. அதுவும் ஒரு நாளில் அரை மணித்தியாலத்துக்குத்தான் போதுமாக இருந்தது.

பிரான்ஸில் இருக்கிற அவளுடைய மச்சாள் ஒருத்திதான் வீடியோ அழைப்பில் வந்து, இதை அழுத்து, அதை அழுத்து என்று சொல்லிக்கொடுத்து, போனில் ஒரு விளையாட்டை இறக்கி வைத்தவள். மலையும் பனியும் கோட்டையும் மந்திரமும் உள்ள ஒரு கற்பனை உலகம். நான்கு படைகள் ஓயாமல் அடிபடுகின்றன. விளையாட வருகிறவர் முதலில் ஒரு படையைத் தெரிவுசெய்ய வேண்டும். மனைவி தெரிவுசெய்தது ஆட்கள் மிகவும் குறைந்த படையை.

"ஏன் அதை எடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"மற்ற மூண்டு படத்திலயும் முறைச்சுக்கொண்டு நிக்கினம். இந்தப் படத்தில நிக்கிற பொம்பிளை மட்டும்தான் சிரிக்கிறா," என்றாள்.

ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பெயரை நான் வெண்கொம்பர் என்று தமிழாக்கினேன். ஒவ்வொரு சண்டையிலும் வென்றால் அந்தப் படையின் வரலாற்றிலிருந்து ஒரு பக்கம் திறக்கும். பழைய தோல் ஏடு போல ஒரு படம். அதன் மேல் நெருக்கமான எழுத்தில், சுற்றிவளைத்த பழங்கால ஆங்கிலம். மனைவி எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஆனால் அந்த ஆங்கிலம் அவளுக்குப் பிடிபடவில்லை. நான் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவன். ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்தது.

இரண்டரை மணிக்கு நான் மோட்டார்சைக்கிளை முற்றத்தில் நிறுத்தும்போதே யன்னலுக்குள்ளிருந்து குரல் வரும்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஒரு ஏடு கிடைச்சது. சாப்பிட்டுட்டு வந்து வாசிச்சுச் சொல்லுங்கோ."

சோறு சாப்பிட்டுவிட்டுக் கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். ஆங்கிலத்தில் ஒரு வரியை மனதுக்குள் வாசித்து, தமிழில் வாய்விட்டுச் சொல்வேன். மாமி வாசற்படியில் இருந்து வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பா.

வெண்கொம்பர் மலையில் மான் மேய்க்கிற சனம். மான்கள் உதிர்க்கிற கொம்புகளைப் பொறுக்கி, மணலால் தேய்த்து வெள்ளையாக்கி, பெண்கள் தலையில் கட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு அரசன் கிடையாது. மந்தையை ஒரே பார்வையில் எண்ணிச் சொல்லக்கூடிய பெண்தான் அரசி. நீண்ட பனிக்காலமொன்றில் மலையில் புல் இல்லாமல் போகிறது. அவர்கள் மந்தையோடு ஆற்றங்கரைக்கு இறங்கி வருகிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டை கட்டி வாழ்கிற சனம், வந்தவர்களுக்கு முதல் வருடம் இடம் கொடுக்கிறது. இரண்டாம் வருடம் இருபகுதியும் சேர்ந்து ஒரு பாலம் கட்டுகிறார்கள். மூன்றாம் வருடம் அந்தப் பாலம் யாருடையது என்று சண்டை தொடங்குகிறது. தலைமுறை தலைமுறையாக நடந்த போருக்கு அதுதான் காரணம்.

எழுதியவர் யாரோ தெரியாது. ஆனால் பாடப்புத்தகங்களில் நான் காண்பதை விட அது ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. மந்தையின் தொகை குறைந்த வருடங்களும் பாலத்தின் மரம் வந்த காடும் அதில் இருந்தன. எனக்கும் ருசி பிடித்துவிட்டது.

"உது எந்த ஊரில நடந்தது தம்பி?" என்று மாமி ஒருநாள் கேட்டா.

"ஒரு ஊரிலயும் இல்லை மாமி. விளையாட்டுக்கு எழுதினது."

"விளையாட்டுக்கோ," என்றா. பிறகு கொஞ்ச நேரம் உரித்துவிட்டு, "அந்த ராணி மனுசி ஒரு நேரமாவது இருந்து சாப்பிட்டதாய் நீர் சொல்லேல்லை," என்றா.

நாலாவது ஏடு திறந்த நாளில்தான் நான் பொய் சொல்லத் தொடங்கினேன்.

வாய் ஒரு வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் இரண்டு வரி முன்னால் போய்விடும். வகுப்பில் வந்த பழக்கம் அது. கோட்டைக்காரர் வெண்கொம்பரின் குளிர்காலக் குடியிருப்பைக் கொளுத்துகிறார்கள். நிறைமாதமாக இருந்த அரசி பனியில் நடந்து மலைக் குகையொன்றில் பிள்ளை பெறுகிறா. பெண் பிள்ளை. அது மூன்று நாள் உயிரோடு இருந்தது என்று எழுதியிருந்தது. நான் பிள்ளை பிறந்த இடம்வரை சொல்லிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். மனைவி ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி இருந்தாள்.

"பிறகு?"

"பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது," என்றேன். "மூண்டு நாள் காய்ச்சல். நாலாம் நாள் விட்டுட்டுது."

அவள் மூச்சை வெளியே விட்டாள். "நல்லகாலம்," என்றாள்.

அந்தப் பொய்யை அன்றோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது நடக்கவில்லை. அடுத்த நாள் ஐந்தாம் ஏட்டில் அரசி படை திரட்டுகிறா. மனைவி கேட்டாள், "அப்ப பிள்ளையை ஆர் பார்க்கினம்?" அரசியின் ஒற்றைக் கண் தாய்மாமன் பார்க்கிறார் என்றேன். அப்படி ஒரு மாமனே வரலாற்றில் இல்லை. ஆறாம் ஏட்டுக்குள் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. எட்டாம் ஏட்டில் அவள் மான் முதுகில் ஏறினாள். பாலத்துக்கான இரண்டாவது போர் நடந்துகொண்டிருக்க, அவள் மாமனோடு மலைக்குப் போய்த் தேன் எடுத்தாள். எதைச் சொன்னேன் என்பதை நானே மறந்துவிடக்கூடாது என்று பாடக்குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைக்கத் தொடங்கினேன். பிள்ளைக்கு ஆறு வயது, இடது முன்பல் இல்லை, பனிக்கரடிக்குப் பயமில்லை, இடிக்குப் பயம். அதிபர் ஒருநாள் குறிப்புப் புத்தகத்தைப் பார்வையிடக் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. நல்லவேளையாக அவர் முன்பக்கங்களோடு கையொப்பம் வைத்துவிட்டார்.

உண்மையில் அந்த நாட்கள் நல்ல நாட்கள். ஐந்தாம் மாதத்தை நாங்கள் கடந்தோம். அந்த மாதம் முடிந்த நாளில் இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவள் மட்டும், "இண்டைக்கு அந்தப் பிள்ளை என்ன செய்தவள்?" என்று கேட்டாள். போர் எப்படிப் போகிறது என்று அவள் கேட்பதை விட்டு நாளாகியிருந்தது. வீட்டுக்கு வருகிற மருத்துவமாது வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்லாய் உதைக்குது," என்றபோது, "ஓம் மிஸ், இவ இடிக்குத்தான் பயப்பிடுவா," என்று மனைவி சொன்னாள். மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

விளையாட்டில் ஒரே படையைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள ஒரு இடம் உண்டு. வெண்கொம்பரில் தமிழ் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் வவுனியாவில் தையல்கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் பெண். மனைவியை விடப் பத்து வயதாவது மூத்தவர். மனைவி அவரை அக்கா என்றுதான் எழுதுவாள். ஒருநாள் மனைவி அந்த அக்காவுக்கு, அரசியின் மகள் பெரியவளாகிப் படைக்கு வருவாளா, உங்களுக்குத் திறந்த ஏடுகளில் ஏதும் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டிருக்கிறாள். அக்கா, எந்த மகள் என்று கேட்டிருக்கிறா. அந்தப் பிள்ளை நாலாவது ஏட்டிலேயே மௌத்தாகிவிட்டதே, நீங்கள் வாசிக்கவில்லையா என்று எழுதியிருக்கிறா.

அன்று நான் வந்தபோது யன்னலிலிருந்து குரல் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டேன். மனைவி போனை என் கையில் தந்தாள். நாலாம் ஏடு திறந்திருந்தது.

"இதில மூண்டாம் நாள் எண்டு இருக்கிற இடத்தை ஒருக்கால் வாசியுங்கோ," என்றாள்.

நான் வாசிக்கவில்லை. அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவும் இல்லை.

"நீங்கள் வகுப்பிலயும் இப்பிடித்தான் படிப்பிக்கிறனீங்களோ?"

"இல்லை," என்றேன். அது முழு உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் பாடப்புத்தகம் சில இடங்களில் நிற்கும். அது நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன். பின்வரிசையில் இருந்து யாராவது, பிறகு என்ன நடந்தது சேர் என்று கேட்டால், மணி அடிக்கப்போகிறது என்று சொல்வேன்.

"என்னட்டைச் சொல்லுறதுக்கு என்ன பயம்?"

"நீர் இப்பிடிப் படுத்திருக்கிற நேரத்தில..."

"படுத்துத்தானே இருக்கிறன். செத்தே போனன்?" அவள் கொஞ்சம் எழும்பித் தலையணையில் சாய்ந்தாள். நான் தடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "நான் பதினேழு வயசில நந்திக்கடல் தண்ணிக்குள்ளால நெஞ்சளவில நடந்து வந்தனான். தலைக்கு மேல தம்பியின்ர பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு. தோத்துப்போன சனத்தின்ர கதையை என்னட்டை மறைச்சுச் சொல்ல நீங்கள் ஆர்?"

பத்து வருடக் கலியாண வாழ்க்கையில் அந்தத் தண்ணீரைப் பற்றி அவள் சொன்னது அதற்கு முன் ஒருதரம்தான். அப்போது பையைப் பற்றிச் சொல்லவில்லை. வாசலில் மாமியின் கத்தி நின்றுவிட்டது.

"வாசியுங்கோ," என்றாள். "உள்ளதை உள்ளபடி வாசியுங்கோ."

வாசித்தேன். பிள்ளை மூன்று நாள் இருந்தது. முதல் நாள் பால் குடித்தது. இரண்டாம் நாள் கண் திறந்தது. மூன்றாம் நாள் மாலை அது போனது. அரசி அதற்கு ஒரு பெயர் வைத்தா. வெண்கொம்பரின் வழக்கப்படி அந்தப் பெயர் மந்தைக் கணக்குச் சொல்கிறவர்களின் வாய்ப்பாட்டில் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு மந்தையை எண்ணுகிறவர் ஒவ்வொருவரும் அந்தப் பெயரிலிருந்துதான் எண்ணத் தொடங்கினார்கள். அந்தப் பெயரும் ஏட்டில் இருந்தது. அவசரத்தில் பொய் சொன்னபோது நான் அதைப் பார்க்கவேயில்லை.

மனைவி போனை வாங்கி அந்தப் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். பிறகு, "பேர் வைச்சிருக்கினம்," என்றாள்.

"ஓம்."

"எங்கட ரெண்டுக்கும் நாங்கள் பேர் வைக்கேல்லை."

நான் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டேன். கைக்கு எட்டியது அதுதான். முதலாவது ஆண், இரண்டாவது பெண் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது இருவருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. அன்று பின்னேரம் வெயில் யன்னலை விட்டு இறங்கும்வரை இருந்து இரண்டு பெயர்களைத் தேர்ந்தெடுத்தோம். ஆணுக்கு அவள் சொன்ன பெயர். பெண்ணுக்கு இருவரும் விட்டுக்கொடுத்து முடித்த பெயர். அந்தப் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. மாமி உள்ளே வந்து இரண்டையும் கேட்டு, ஒவ்வொன்றையும் ஒருதரம் தன் வாயால் சொல்லிப் பார்த்தா. பிறகு என் பக்கம் திரும்பி, "மானில பிள்ளை ஏறினது பொய்யெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அது நிண்டு குடுக்குமே?" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனா. மனைவி சிரித்தாள். சிரிக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு மாற்றாமல் வாசித்தேன். வெண்கொம்பரின் முடிவு பன்னிரண்டாம் ஏட்டில் வந்தது. கோட்டைக்காரர் மந்தையைக் கொன்றுவிடுகிறார்கள். மிஞ்சிய சனம் குளிரில் உறைந்து கிடக்கிற ஒரு பெரிய ஏரியைக் கடக்கிறது. பாதித் தூரத்தில் பனி உடைகிறது. அந்த இடத்தில் என் குரல் நின்றது. "ம்," என்றாள் மனைவி. அரைவாசிப்பேர் தண்ணீருக்குள் போனார்கள் என்று வாசித்தேன். அரசியும் போனா. மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் போனைக் கீழே வைக்கப் போனேன்.

"முடிஞ்சுதோ?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"அப்ப ஏன் நிப்பாட்டுறீங்கள்?"

அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தவர்களிடம் சட்டியில்லை, அகப்பையில்லை. கரையில் உள்ள சனம் பரிதாபப்பட்டுக் கூழ் கொடுத்தது. அதை அள்ளிக் குடிக்க ஒன்றும் இல்லாதபடியால் பெண்கள் தலையிலிருந்த கொம்புகளைக் கழற்றி, சீவி, கரண்டி செய்தார்கள். ஒரு கொம்பில் நாலு கரண்டி. நூறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சனம் மறுபடி படை திரட்டியபோது கொடியில் போட்டது அந்தக் கரண்டியைத்தான். அந்த நூறு வருடத்துக்குப் பிறகுதான் விளையாட்டே தொடங்குகிறது.

மனைவி போனைப் பறித்துக் கொடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கரண்டி," என்றாள். "ஐயோ, நான் இவ்வளவு நாளும் வாள் எண்டெல்லே நினைச்சுக்கொண்டு அடிபட்டனான்." மாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "இதையும் நீங்கள் விட்டிருப்பீங்கள். பனி உடையேல்லை, எல்லாரும் போய்ச் சேர்ந்திட்டினம் எண்டு சொல்லி முடிச்சிருப்பீங்கள், என்ன?" என்றாள்.

"ஓம்," என்றேன்.

முப்பத்திரண்டாம் கிழமையில் ஒரு காலை அவளுக்கு வலி வந்தது. கிளிநொச்சியில் ஊசி போட்டு, குறைமாதப் பிள்ளையை வைத்துப் பார்க்கிற கட்டில் வவுனியாவில் இருக்கிறது என்று அம்புலன்ஸில் ஏற்றினார்கள். நானும் கூடப் போனேன். மாங்குளம் தாண்டும்போது அவள் என் விரல்களைப் பிடித்திருந்த பிடியில் என் மோதிரம் நசிந்து வலித்தது. அதைச் சொல்லவில்லை. வலி இரண்டு நாள் அடங்கி மூன்றாம் நாள் திரும்ப வந்தது.

அந்த நடுநாளில்தான், மனைவி போனில் எழுதியிருந்ததைக் கண்டு, வவுனியா அக்கா பார்வையாளர் நேரத்துக்கு வந்தா. கையில் ஒரு சில்வர் பாத்திரம். யார் எவர் என்று தெரியாமல் நான் கதிரையை விட்டு எழும்பினேன். மனைவி படத்தில் கூடக் கண்டதில்லை, ஆனாலும் உடனே, "அக்காவோ?" என்றாள்.

அவா கட்டில் ஓரத்தில் இருந்து மனைவியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. "நீங்க இப்பிடி இருக்கிறது தெரியாமப் போச்சு தங்கச்சி. தெரிஞ்சிருந்தா அந்தப் பிள்ளையைப் பத்தி எழுதியிருக்க மாட்டேன். அண்டையில இருந்து எனக்கு மனசே சரியில்ல."

"நீங்கள் எழுதினபடியால்தான் அக்கா எல்லாம் சரியாய் வந்தது," என்றாள் மனைவி. என்னைக் காட்டி, "இவர்தான் நான் எழுதின அந்த ஒற்றைக்கண் மாமனைக் கண்டுபிடிச்சவர்," என்றாள்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தா. "அந்த மாமா நல்ல மனுசன்," என்றா. பாத்திரத்தில் வட்டிலப்பம் இருந்தது. தன்னுடைய வாப்பாவின் ஊரும் முல்லைத்தீவுதான், தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது தான் ஒன்பது வயதில் லொறியொன்றில் ஏறிப் புத்தளம் போனது, கலியாணம் முடித்து வவுனியாவுக்கு வந்தது எல்லாம் மனைவி சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டா. போகும்போது, "நீங்க வார வரைக்கும் ஒங்கட மானுகளை நான் பார்த்துக்கொள்றேன். பட்டினி கிடக்க விடமாட்டேன்," என்றா. விளையாட்டில் மந்தைக்கு ஒவ்வொரு நாளும் தீனி போட வேண்டும்.

மகள் பிறந்தபோது ஒரு கிலோ எண்ணூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்தோரு நாள் இருந்தாள். மனைவி மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் பாலெடுத்துக் கொண்டுபோவாள். நான் சனி ஞாயிறுகளில் போய், கைகளை முழங்கைவரை கழுவிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நிற்பேன். முதல் கிழமை அவளைத் தொடப் பயந்தேன். ஒரு தாதி மிஸ்தான் என் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் உள்ளங்காலில் வைத்தவ. அந்தக் கால் என் சுட்டுவிரலின் இரண்டு கணு நீளம் இருந்தது. இரண்டாம் நாளே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டோம். நல்ல நாள் பார்ப்போம் என்று என் வீட்டுப் பக்கம் சொன்னார்கள். ஞானஸ்நானத்தோடு வைக்கலாம் என்று அவளுடைய வீட்டுப் பக்கம் சொன்னார்கள். நாங்கள் காத்திருக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த நாள் ஒரு புதன்கிழமை. மாமி முன்னறையைக் கழுவி, கட்டிலின் கீழிருந்த செங்கல் இரண்டையும் எடுத்துவிட்டிருந்தா. மனைவி முகம் கழுவி, ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து, மகளுக்குப் பால் கொடுத்து என் கையில் தந்தாள்.

"கொஞ்சம் பிடியுங்கோ," என்றாள். "நான் ஒருக்கால் படுத்து எழும்புறன்."

கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்தாள். கைகள் இரண்டையும் தலையணைக்குக் கீழே விட்டு, முகத்தை யன்னல் பக்கம் திருப்பி, சின்னப் பிள்ளைகள் படுப்பது போல. எத்தனையோ மாதமாக அவள் அப்படிப் படுத்ததில்லை. ஒரு நிமிடத்தில் மூச்சு சீராகிவிட்டது. நான் கதிரையில் மகளை ஏந்திக்கொண்டு இருந்தேன். கை விறைக்கத் தொடங்கியது. மாமி வாசலில் வந்து நின்று, சாப்பாடு போடவா என்று சைகையால் கேட்டா. பிறகு என்று தலையாட்டினேன்.